மீத்தேன்: ஒரு சொல்லின் இரண்டாவது பாதி

எல்லோரும் ஒரே தொனியில் உச்சரிக்கத் தொடங்கும்போது ஒரு சொல் செத்துப்போகிறது. 'மீத்தேன்' நம்மிடையே அப்படிச் செத்துப்போன சொல். தஞ்சை, திருவாரூர்ப் பக்கங்களில் அது ஒரு வாயுவின் பெயர் அல்ல. கம்பெனியின் பெயர், டில்லியின் பெயர், துரோகத்தின் பெயர். அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பாதி உண்டு. அதைப் பேச அரசியல்வாதிக்குத் துணிச்சல் இல்லை. கருத்துக் கணிப்பு எடுப்பவனுக்கு மொழி இல்லை. கவிஞனுக்கு அக்கறையே இல்லை.

முதல் பாதி எல்லோரும் அறிந்தது. 2010இல் மத்திய அரசு மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுர கிலோமீட்டரை நிலக்கரிப் படுகை மீத்தேனுக்காக ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுத்தது. 2011 ஜனவரியில் அன்றைய தி.மு.க. அரசு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. நிலக்கரிப் படிவில் அடைபட்ட வாயு வெளிவர வேண்டுமானால் அதை அழுத்திக்கொண்டிருக்கும் நீரை முதலில் இறைத்துக் கொட்ட வேண்டும். கடலோரச் சமவெளியில் அப்படி இறைத்தால் என்ன ஆகும் என்று விவசாயிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்; 2013 டிசம்பர் 30 அன்று, அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே, பட்டுக்கோட்டை அருகே இறந்தார். அ.தி.மு.க. அரசு 2013இல் வேலையை நிறுத்திவைத்து நிபுணர் குழு அமைத்தது; 2015இல் திட்டத்தை நிராகரித்தது. 2017இல் ஹைட்ரோகார்பன் என்ற புதிய பெயருக்கு எதிராக நெடுவாசல் உட்கார்ந்தது. 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த எண்ணெய், எரிவாயு வேலைகளைத் தொடாமல்.

போராட்டம் உண்மையானது. ஆனால் ஓட்டு? 2021 சட்டசபைத் தேர்தலில் ஒப்பந்தம் போட்ட கட்சியும் படுகையின் காவலன். மண்டலச் சட்டம் போட்ட கட்சியும் படுகையின் காவலன். வேற்றுமையைப் பதிவு செய்யும் கருவிதான் ஓட்டு. வேற்றுமையே இல்லாத இடத்தில் வாக்காளனின் அபிப்பிராயம் எங்கே போய் விழும்? ஒன்றுமே கேட்கப்படாத ஒருவனிடமிருந்து பெற்ற சம்மதத்துக்கு நாம் 'மக்கள் கருத்து' என்று பெயர் சூட்டியிருக்கிறோம்.

கணிப்பாளர்கள் செய்வதும் இதையேதான். 'சுற்றுச்சூழல் உங்களுக்கு முக்கியமா?' முக்கியம் இல்லை என்று எந்த மடையன் சொல்லுவான்? விலை சொல்லாத கேள்விக்கு வரும் பதில் அபிப்பிராயம் ஆகாது, அது மரியாதை. நியூஸிலாந்தில் விலை சொல்லிக் கேட்டார்கள். 2003இல் கால்நடை வாயுவுக்கு வரி என்றதும் ஒரு எம்.பி. பார்லிமெண்ட் படிக்கட்டில் டிராக்டரை ஏற்றினார். 2022இல் மறுபடி கேட்டார்கள். விவசாயிகள் சாலைக்கு வந்தார்கள். 2023இல் ஆட்சி மாறியது. 2024இல் புதிய அரசு விவசாயத்தை அந்தத் திட்டத்திலிருந்தே விலக்கியது. முடிவு சரியா தப்பா என்பது வேறு விஷயம். அங்கே கேள்வி கேட்கப்பட்டது, பதில் வந்தது. இங்கே கேள்வியே பிறக்கவில்லை.

இரண்டாவது பாதி இதுதான். நீர் கட்டிய நெல் வயலில், பிராணவாயு எட்டாத சேற்றில், நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நெற்பயிரின் தண்டே அதற்குக் குழாயாகி வெளியே விடுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல சுமார் 28 மடங்கும், இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்கும் சூடாக்கும் வாயு. கம்பெனி இறைத்தெடுக்க வந்ததும், நம் பச்சைப் பசேல் வயல் தினமும் விட்டுக்கொண்டிருப்பதும் ஒரே வாயு. இதைச் சொன்னால் உடனே துரோகிப் பட்டம்.

'இது வெள்ளைக்காரனின் வாதம்' என்பார்கள். ஓரளவு உண்மை. இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு சுமார் 3.8 கோடி டன் மீத்தேன் விடுகின்றன என்று ஒரு அமெரிக்கக் கணக்கு சொன்னது. ஏ.பி. மித்ரா தலைமையில் நம் விஞ்ஞானிகள் 1991இல் வயலில் இறங்கி அளந்தபோது கிடைத்தது சுமார் 40 லட்சம் டன். அதே ஆண்டில்தான் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஏழையின் பிழைப்பிலிருந்து வரும் வாயுவையும் பணக்காரனின் சொகுசிலிருந்து வரும் வாயுவையும் ஒரே தராசில் வைக்காதே என்று எழுதினார்கள். நியாயம். ஆனால் அந்த நியாயம் இன்று யாருக்குக் குடையாகிறது? 2021இல் கிளாஸ்கோவில், 2030க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைப்போம் என்ற உறுதிமொழி பிறந்தபோது இந்தியா கையெழுத்துப் போடவில்லை. சிறு விவசாயியையும் மாட்டையும் காட்டியது. அதே குடைக்குள் எண்ணெய்க் கிணறுகளும் நகரக் குப்பைமேடுகளும் வசதியாக ஒதுங்கிக்கொண்டன. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு நாள் கணக்கில் எரிந்ததே, அது எந்த ஏழை விவசாயியின் ஜீவனம்?

வயலுக்கே வருவோம். வழி தெரியாததல்ல. 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று விவசாயியின் வாயிலேயே இருக்கிறது. வயலை இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சினால் மீத்தேன் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறையும், தண்ணீரும் மிச்சம். ஆனால் கடைமடை விவசாயி ஏன் காயவிடுவான்? 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவில்லை. வந்த தண்ணீரைத் தேக்கிக்கொள்பவன் அறியாமையால் தேக்கவில்லை. அடுத்த முறை வருமா என்ற நியாயமான பயத்தால் தேக்குகிறான். ஆகவே அவனிடம் மீத்தேனைப் பற்றிக் கேட்பது வீண். 'குறித்த நாளில் தண்ணீர் வரும் என்று உத்தரவாதம் தந்தால் வயலைக் காயவிடுவாயா?' என்று கேட்க வேண்டும். அதைக் கேட்டால் கேட்பவனும் பதில் சொல்ல வேண்டிவரும்: வாய்க்காலைத் தூர் வாரியது யார், வாராமல் பில் எழுதியது யார், கடைமடைக்கு நீர் சேராததற்குப் பொறுப்பு யார் என்று. அதனால்தான் எந்தக் கட்சியும் கேட்பதில்லை.

நம் பங்கு என்ன? பத்து ஆண்டுகளாக நம் பத்திரிகைகளில் படுகையைப் பற்றி வந்த கவிதைகளில் மண் தாயாகிறது, நெல் கண்ணீர் விடுகிறது, குழாய் பாம்பாகிறது. மேடைக் கோஷத்தை வரி உடைத்துப் போட்டிருக்கிறோம், வேறொன்றும் செய்யவில்லை. சேற்றுக்குள் என்ன நடக்கிறது என்று குனிந்து பார்த்தவன் நம்மில் ஒருவனும் இல்லை. சேற்றில் காலை வைத்தால் குமிழி வரும். களை பறிக்கும் பெண்களுக்கு அது தெரியும். கவிஞனுக்கும் வேட்பாளனுக்கும்தான் தெரியாது.

எதிரி வெளியே மட்டும் இருக்கிறான் என்று சொல்லும் அரசியல் சுலபமாக ஜெயிக்கும். அதே பொய்யைச் சொல்லும் இலக்கியம் ஜெயிப்பதுகூட இல்லை.