சிகிச்சைக்குத் துணை வரும் பிராணிகள்

பக்கவாதத்தால் கை விழுந்தவரிடம், "இந்தப் பந்தைத் தினம் ஐம்பது தடவை அழுத்துங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். முதல் வாரம் அழுத்துவார். அடுத்த வாரம் பந்து கட்டிலுக்கு அடியில் கிடக்கும். வேலைக்கு ஓடும் வீட்டாருக்கு அருகில் உட்கார்ந்து உற்சாகமூட்ட நேரமேது? பயிற்சி நின்றால் கை மடங்கியபடியே இறுகிவிடும். பிழைப்பும் போகும்.

இந்த இடத்தில்தான் பிராணிகள் உதவுகின்றன. பழக்கிய நாயின் ரோமத்தைச் சீவிவிடச் சொன்னால் நோயாளி தோளை உயர்த்துகிறார், முழங்கையை நீட்டுகிறார், பிரஷ்ஷை இறுகப் பிடிக்கிறார். கழுத்துப்பட்டையின் கொக்கியை மாட்டுவது விரல்களுக்குப் பயிற்சி. நாய் காத்திருப்பதால் சலிப்புத் தெரிவதில்லை.

குதிரை நடக்கும்போது, மேலே அமர்ந்திருப்பவரின் இடுப்பு, மனிதன் நடக்கையில் அசைவதைப் போலவே அசைகிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள் நிமிர்ந்து உட்காரப் பழக இது துணை செய்கிறது. டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெலை 1944-ல் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. முழங்காலுக்குக் கீழே சுவாதீனம் திரும்பவில்லை. குதிரைமீது ஏறவும் பிறர் உதவி வேண்டும். அவரே 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அதன்பின் ஐரோப்பாவில் இச்சிகிச்சை பரவியது.

பிராணியே நோயைத் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் வகுத்த பயிற்சிக்கு அது துணை, அவ்வளவே. தெருநாயை வார்டுக்குள் விடச் சொல்லவும் இல்லை. சாந்த குணம், வெறிநோய்த் தடுப்பூசி, கால்நடை மருத்துவரின் சோதனை, கூடவே பழக்கியவர் ஆகிய நான்கும் அவசியம். ஒவ்வாமையோ ஆறாத புண்ணோ உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது. வாயில்லா ஜீவனுக்கும் ஓய்வு வேண்டும்.

மும்பைக்கு இது எட்டாத காரியமல்ல. அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கு நாட்டின் முதல் பள்ளியை 1950-ல் கமலா நிம்ப்கர் தொடங்கியது இங்கே, பரேல் கே.இ.எம். மருத்துவமனையில்தான். காசுள்ளவர்கள் தனியாரிடம் போய்க்கொள்வார்கள். தாராவித் தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் கதி பொது மருத்துவமனையே. நம் சம்பளத்திலும் பிடித்தம் செய்து நடத்தப்படும் இ.எஸ்.ஐ. மருத்துவமனை ஒன்றிலாவது, வாரம் ஒரு நாள், பழக்கிய நாயைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கட்டும். பலனைக் கணக்கெடுத்து, நல்லதானால் விரிவுபடுத்தட்டும். தொழிற்சங்கங்கள் இதைக் கேட்க வேண்டும்.

கைக்குத் தெம்பு வந்தால் வேலைக்குப் போகலாம்; ஊருக்குப் பணமும் போகும். அதற்கு ஒரு நாய் உதவுமானால் மருத்துவமனைக் கதவைத் திறந்துவிடுவதில் தவறென்ன?