அலைக்கு ஹால்... முருகனுக்குக் கதவிடுக்கு!

சரவணம்பட்டியில் நண்பர் ஒருவர் புது ஃப்ளாட் வாங்கியிருக்கிறார். பால் காய்ச்சுகிறார்கள் என்று போயிருந்தேன். ஹாலில், சோபாவுக்கு மேலே, கண்ணாடி போட்ட பெரிய படம். ஜப்பான்காரர் ஹொகுசாயின் பேரலை. காலண்டர் முருகனைத் தேடினால், சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தார். (ஊர்ப் பெயரே அவருடையது!)

"அது அம்மாவுக்காகங்க. காலண்டர் படமெல்லாம் வெள்ளைக்காரனைப் பார்த்து அடிச்ச காப்பி. இதப் பாருங்க, சுத்தமான ஜப்பான் பாரம்பரியம்" என்றார்.

வந்ததே எனக்குக் கோபம்!

ஏனுங்க, அந்த அலையோட நீலம் எந்த ஊர்ச் சரக்கு தெரியுமா? 18-ஆம் நூற்றாண்டில் பெர்லினில் கண்டுபிடித்த சாயம். டச்சு, சீன வியாபாரிகள் வழியாக ஜப்பானில் இறங்கியது. 1831 வாக்கில் ஹொகுசாயின் மரக்கட்டை அச்சுப் படங்களில் தாராளமாக ஏறியது. முன்னால் அலை மலை மாதிரி, பின்னால் ஃபியூஜி மலை சுண்டைக்காய் மாதிரி தெரிகிறதே, அந்தத் தூரக் கணக்கும் ஐரோப்பியப் படங்களைப் பார்த்துக் கற்றதுதான். அதனால் என்ன குறைந்துபோச்சு? 2024-ல் புது ஆயிரம் யென் நோட்டில் அதே அலையை அச்சடித்துவிட்டார்கள். 1887-ல் வான்கோ, ஹிரோஷிகேயின் படங்களைப் பார்த்துப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். அவரைக் காப்பி என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

நம்ம ஆட்களுக்கு மட்டும் தனிச் சட்டம். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் போட்டார். ஜெர்மன் மெஷின், ஜெர்மன் டெக்னீஷியன். கோவில்பட்டி கொண்டையராஜு கதை இன்னும் சுவாரஸ்யம். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார், ரமணாசிரமத்தில் இருந்தார், பிறகு நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதினார். படுதாவில் அரண்மனை உள்ளே உள்ளே போவது போலத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ராஜா சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார்! அந்த வித்தையைத்தான் சாமிக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தார். சிவகாசி அதை வீடு வீடாக அனுப்பியது. ஆனால், மலையும் மண்டபமும் எவ்வளவு தூரம் பின்னால் போனாலும், சாமி மட்டும் நேருக்கு நேர் நம்மைப் பார்க்கும். அது எந்த வெள்ளைக்காரனும் சொல்லிக்கொடுத்ததில்லை.

நான் பி.காம். படித்தவன். ஒரே சரக்கை ஜப்பான் பேரேட்டில் லாபம், நம் பேரேட்டில் நஷ்டம் என்று எழுதினால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

நண்பர் பதில் பேசாமல் காலண்டரைக் கழற்றி வந்தார். வரைந்தவர் யார் என்று தேடினோம். ஜவுளிக்கடை பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. மூன்று கிளைகளின் போன் நம்பர் இருந்தது. ஓவியர் கையெழுத்துப் போடும் மூலையில், தேதிக் கட்டை வைத்து பின் அடித்திருந்தார்கள்.