குடிக்காதவருக்கும் ஈரல் கெடும்



ஒருவருக்கு ஈரல் பழுதாகிவிட்டது என்று கேள்விப்பட்டால், நம் ஊர்களில் அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான்: "ஆள் குடிக்கிறவரோ?" நோயாளி ஆண் என்றால் இதை வெளிப்படையாகவே கேட்பார்கள். பெண் என்றால் காதோடு காதாகப் பேசிக்கொள்வார்கள்.

எனக்கு ஒன்றுவிட்ட அக்கா முறையான ஒருவர், வயிற்றில் நீர் கட்டி, கால்கள் வீங்கி வைத்தியசாலையில் கிடந்தபோது இதை நேரில் கண்டேன். தேநீரைத் தவிர வேறொன்றையும் குடித்தறியாதவர் அவர். பல வருடங்களாக நீரிழிவு இருந்தது. ஈரல் சுருங்கி இறுகிவிட்டது என்று வைத்தியர் சொன்னதும் வீட்டார் அதை மறைத்தார்கள். "வயிற்றில் ஏதோ கட்டி" என்றே ஊருக்குச் சொல்லப்பட்டது. எந்தத் தவறும் செய்யாத அந்தப் பெண் வெட்கத்தோடு நோயைச் சுமந்தார். அது மட்டுமல்ல, வருத்தத்தின் உண்மைப் பெயர் தெரியாததால், அதே நீரிழிவு உள்ள அவருடைய தங்கைமார் தங்கள் ஈரலைச் சோதித்துப் பார்க்க நினைக்கவேயில்லை.

இந்தச் சந்தேகம் எவ்வளவு தவறானது என்பதை ஆய்வுகள் எப்போதோ காட்டிவிட்டன. 1980ஆம் ஆண்டு அமெரிக்காவின் மயோ கிளினிக்கில் லுட்விக் என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் 20 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். குடிகாரரின் ஈரலில் காணப்படும் அதே கொழுப்பும் அழற்சியும் இவர்களிடமும் இருந்தன. ஆனால் இவர்கள் குடிப்பவர்கள் அல்லர். பெரும்பாலானோர் உடல் பருத்தவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள்.

நமது நாட்டிலும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2007இல் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் ராகம பகுதியில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். வைத்தியசாலைக்கு வந்த நோயாளிகளை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. வாக்காளர் பட்டியலிலிருந்து 35 முதல் 64 வயது வரையானவர்களைக் குலுக்கல் முறையில் தெரிவு செய்து, இரத்தம் சோதித்து, இடுப்பை அளந்து, ஈரலை ஸ்கான் செய்து பார்த்தார்கள். அளவுக்கு மேல் மது அருந்துவோரையும் ஈரலழற்சி வைரசு உள்ளோரையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அப்படியிருந்தும் 2,985 பேரில் 974 பேருக்கு, அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு, ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. நன்றாக நடமாடிக்கொண்டிருந்த மனிதர்கள் இவர்கள். பின்னர், உடல் உழைப்பு மிகுந்த மலையகத் தேயிலைத் தோட்ட மக்களிடையே நடந்த ஆய்விலும் 18 சதவீதமானோருக்கு இது காணப்பட்டது.

இது எப்படி வருகிறது? உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது, மிதமிஞ்சிய சீனியையும் மாப்பொருளையும் ஈரல் கொழுப்பாக மாற்றித் தன்னிடமே சேர்த்து வைக்கிறது. பலருக்கு அது அந்த மட்டில் நின்றுவிடும். சிலருக்கு அழற்சி ஏற்பட்டு, தழும்பு விழுந்து, கடைசியில் ஈரல் இறுகிப்போகிறது. இதற்கிடையில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அதனால்தான் பலர் கடைசிக் கட்டத்தில் வைத்தியசாலைக்கு வருகிறார்கள்.

ஆறுதலான செய்தியும் உண்டு. கியூபாவில் 293 நோயாளிகளை ஒரு வருட காலம் உணவைக் குறைத்து நடக்கச் செய்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உடல் நிறையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதமானோருக்கு ஈரல் அழற்சி நீங்கியிருந்தது. அந்த அளவுக்குக் குறைக்க முடிந்தவர்கள் பத்தில் ஒருவரே என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதற்குக் குறைவாக மெலிந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. 70 கிலோ உள்ள ஒரு பெண் மூன்றரைக் கிலோ குறைத்தாலே அது நல்ல தொடக்கம்.

2023இல் பல நாட்டு ஈரல் மருத்துவச் சங்கங்கள் கூடி, இந்த நோயின் ஆங்கிலப் பெயரிலிருந்த மதுவைக் குறிக்கும் சொல்லை நீக்கின. அனுசேபக் கோளாறால் வரும் ஈரல் நோய் என்பதே புதிய பெயரின் கருத்து. பழைய சொல் நோயாளிகளைக் கூனிக் குறுக வைத்தது என்பது மாற்றத்துக்கு ஒரு காரணம். நமது பேச்சிலும் அந்த மாற்றம் வர வேண்டாமா?

சகோதரிகளே, ஒரு அளவு நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். நம் பகுதிப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் எல்லை. நாளுக்கு ஐந்து தடவை இரண்டு கரண்டிச் சீனியோடு தேநீர் குடிப்பவரானால், அது பத்துக் கரண்டிச் சீனி. பிள்ளைகள் மிச்சம் விட்ட சோற்றை வீணாக்கக் கூடாதென்று நாம் சாப்பிடுவதும் நமது ஈரலுக்குத்தான் போகிறது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக உண்ணும் நமக்கு, நடப்பதற்கு அரை மணி நேரம் ஒதுக்குவதும் சிரமம்தான். எனினும் அதை வீட்டாரிடம் உரிமையோடு கேளுங்கள்.

நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இருந்தால், அடுத்த முறை கிளினிக் போகும்போது "எனது ஈரலையும் பார்க்க வேண்டுமா, டொக்டர்?" என்று கேளுங்கள். உங்களுக்கு நோய் இருப்பது தெரியவந்தால் மறைக்காதீர்கள். உங்கள் அக்கா தங்கைமாருக்கு அதன் பெயரைச் சொல்லுங்கள். அவர்கள் நேரத்தோடு சோதித்துக்கொள்ள அது உதவும்.