பாலம் சொல்லும்... கேட்க ஆள் இருக்கா?

2022 டிசம்பர் 23. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 1914-ல் திறந்த பாலம். கப்பலுக்கு வழிவிடும் அதன் தூக்குப் பகுதி, நூறு வருஷமா உப்புக் காற்று பட்டுப் பட்டு துருவேறி பலவீனமாகியிருந்தது. சென்னை ஐ.ஐ.டி. குழு பொருத்திய சென்சார்கள் அந்தப் பாலத்தின் அதிர்வைக் கண்காணித்து வந்தன.

அதன் பிறகு, 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறக்கும் வரை ரயில் மண்டபத்தோடு சரி. மூட்டை முடிச்சோடு இறங்கி, பஸ் பிடித்துத்தான் ராமேஸ்வரம் போகணும். எரிச்சல்தான். ஆனால் பாலம் விழுந்து யாரும் சாகலை.

இந்த எரிச்சலுக்கு நாம் நன்றி சொல்லணும் என்பது என் கருத்து. ஏன்னு பார்ப்போம்.

சென்சார் என்ன செய்யும்?

மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போம் இல்லையா? நல்ல பானை 'டங்'னு கேட்கும், விரிசல் விட்டது மந்தமா கேட்கும். பாலமும் அப்படித்தான். ஒவ்வொரு பாலத்துக்கும் இயல்பான ஓர் அதிர்வு வேகம் உண்டு. உறுதி குறைந்தால் அந்த வேகமும் குறையும். வண்டி போகும்போதும் காற்றடிக்கும்போதும் சென்சார் அதை அளக்கிறது.

கம்ப்யூட்டர் எதுக்கு?

அதே அளவு, அதே எடை, அதே இரும்போடு பாலத்தின் நகல் ஒன்று கம்ப்யூட்டரில் இருக்கும். நிஜப் பாலத்தின் அளவுகளும் நகலின் கணக்கும் ஒத்துப்போகலைன்னா, எந்தப் பகுதியின் உறுதியைக் குறைத்தால் ரெண்டும் பொருந்துதுன்னு தேடுவார்கள். பழுது இருக்கக்கூடிய இடம் அங்கே தெரியும்.

இதில் ஒரு சிக்கல்: வெப்பநிலை. சுவிட்சர்லாந்தில் இசட்-24 என்ற பாலத்தை ஏறக்குறைய ஒரு வருஷம் கண்காணித்து, 1998-ல் இடிப்பதற்கு முன் வேண்டுமென்றே சேதப்படுத்திச் சோதித்தார்கள். குளிரில் தார் உறைந்து இறுகினாலே அதிர்வு வேகம் கூடியது. அதாவது, பருவநிலையால் வரும் மாற்றம் எது, பழுதால் வரும் மாற்றம் எதுன்னு பிரிக்க, பாலம் நல்லா இருக்கும்போதே எடுத்த ஒரு முழு வருஷ டேட்டா வேணும். விரிசல் தெரிந்த பிறகு சென்சார் மாட்டினால் எதோடு ஒப்பிடுவது?

சின்ன விரிசலும் துருவும் மொத்த அதிர்வில் தெரியாமல் போகலாம் என்பதும் உண்மை. அதனால் நேரில் போய்ப் பார்க்கும் இன்ஜினீயருக்கு வேலை போகாது.

அப்போ பிரச்னை எங்கே?

இத்தாலியின் ஜெனோவா நகரில். 1967-ல் திறந்த மொராண்டி பாலத்தின் இழுவைக் கம்பிகள் கான்கிரீட்டுக்குள் மறைந்திருந்தன. உள்ளே துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியாது. 2017-ல் மிலன் பாலிடெக்னிக் ஆய்வாளர்கள் அதிர்வைச் சோதித்து, அந்தப் பகுதி விநோதமா நடந்துகொள்கிறது, நிரந்தர சென்சார் அமைப்பு வேணும்னு எழுதிக் கொடுத்தார்கள். அந்த அமைப்பு வருவதற்குள், 2018 ஆகஸ்ட் 14-ல் பாலம் சரிந்தது. 43 பேர் பலி. அன்று காலை வரை வண்டிகள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன.

இரண்டு இடத்திலும் பாலத்தை அளந்தார்கள். ஒரு இடத்தில் ரயிலை நிறுத்தினார்கள். இன்னொரு இடத்தில் அறிக்கை மட்டும் இருந்தது.

அதனால், 'ஸ்மார்ட் பாலம்'னு யாராவது அறிவித்தால் எத்தனை சென்சார்னு மட்டும் கேட்காதீங்க. அளவு எந்த எண்ணைத் தாண்டினால் பாலத்தை மூடுவீங்க? மூட உத்தரவு போட வேண்டிய அதிகாரி யார்? எத்தனை மணி நேரத்துக்குள்? பதில் முன்கூட்டியே எழுத்தில் இருக்கணும், மக்கள் பார்க்கும்படி இருக்கணும். இல்லைன்னா டேட்டா சர்வரில் தூங்கும்.

நம்ம பக்கமும் ஒரு பொறுப்பு உண்டு. 'பாலம் மூடப்பட்டுள்ளது' போர்டைப் பார்த்து அடுத்த முறை திட்டத் தோணினால், மண்டபத்தில் இறங்கி பஸ் ஏறியவர்களை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. லேட்டானாலும் அவங்க ஊர் போய்ச் சேர்ந்தாங்க.