அவர்களும் பயணிகளே!

குளிர்காலம் வந்துவிட்டால், தில்லி இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையத்தில் மூடுபனியும் அதன் பின்னாலேயே விமானங்களின் தாமதமும் வந்துவிடுகின்றன. டிசம்பர் பிற்பகுதியிலும் ஜனவரியிலும், விடியற்காலையில் புறப்பட வேண்டிய விமானம் நண்பகலில் புறப்படுவது அங்கே செய்தியே அல்ல. பெரியவர்கள் முணுமுணுத்தபடியே செல்லிடப்பேசியைப் பார்த்துப் பொழுதைக் கழித்துவிடுகிறார்கள். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அது இயலாது. பசித்தால் பால் வேண்டும். உறக்கம் வந்தால் படுக்க இடம் வேண்டும். விழித்திருந்தால் ஓடியாட வேண்டும். அந்தக் குழந்தையுடன் காத்திருக்கும் பெற்றோருக்கு நமது விதிகள் என்ன உத்தரவாதம் தருகின்றன என்று தேடிப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சுகிறது.

மூடுபனியை யாரும் தடுத்துவிட முடியாது. அதற்குரிய கருவிகளும் பயிற்சி பெற்ற விமானிகளும் இருந்தால், தில்லியில் 50 மீட்டர் பார்வைத் தூரத்திலும் விமானம் தரையிறங்கலாம். ஆனால், புறப்படுவதற்கு 125 மீட்டர் தேவைப்படுகிறது. வந்திறங்கிய விமானங்கள் திரும்பப் புறப்பட முடியாமல் தேங்கி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பாதுகாப்பு கருதிச் செய்யப்படும் இந்தத் தாமதத்தைக் குறை சொல்வதற்கில்லை.

எல்லாத் தாமதத்துக்கும் இயற்கையைக் கைகாட்டிவிட முடியுமா என்பதுதான் கேள்வி. 2025 நவம்பரில் தில்லி விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தின் தகவல் பரிமாற்ற அமைப்பு பழுதானதால் 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. அடுத்த மாதமே, விமானிகளின் பணிநேரம் மற்றும் ஓய்வு தொடர்பான புதிய விதிகளுக்கு இண்டிகோ நிறுவனம் தன்னைத் தயார்படுத்திக் கொள்ளாததன் விளைவாக, டிசம்பர் 5-ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் அதிகமான விமானங்கள் ரத்தாயின. நாடாளுமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடர் நடந்து கொண்டிருந்த நேரம் அது. அவையில் குரல்கள் எழுந்தன, அமைச்சரும் விளக்கமளித்தார். பெட்டிகளின் மீதும் தரையிலும் குழந்தைகளைப் படுக்க வைத்துக் காத்திருந்த பெற்றோரின் நிலை மட்டும் விவாதங்களின் ஓரத்திலேயே நின்றுவிட்டது.

தாமதத்தின்போது விமான நிறுவனங்கள் செய்து தர வேண்டியவை குறித்து சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2010-ஆம் ஆண்டிலேயே விதிமுறைகளை வகுத்தது. அவை பின்னர் திருத்தப்பட்டும் வந்துள்ளன. அவற்றின்படி, இரண்டரை மணி நேரத்துக்குட்பட்ட பயணம் என்றால் 2 மணி நேரத் தாமதத்திலும், அதைவிட நீண்ட உள்நாட்டுப் பயணம் என்றால் 3 மணி நேரத் தாமதத்திலும் உணவும் சிற்றுண்டியும் தரப்பட வேண்டும். தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினாலோ, இரவு 8 மணி முதல் அதிகாலை 3 மணிக்குள் புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ தங்குமிடமும் அளிக்க வேண்டும். வானிலை போன்ற, நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய காரணங்களுக்கு விலக்கும் உண்டு. தில்லியின் ஜனவரியில் அந்த விலக்கே விதியாகிவிடுகிறது.

இந்த மணிக்கணக்கு முழுவதும் பெரியவர்களின் வயிற்றை மனதில் வைத்துப் போடப்பட்டது. சென்னைக்குப் புறப்பட வேண்டிய விமானத்துக்காக மூன்று மணி நேரம் பொறுத்திருந்தால் ஒரு ரொட்டித் துண்டும் பழச்சாறும் கிடைக்கும். குழந்தைக்கு வேண்டியது வெந்நீர், சூடான பால், குழைந்த சாதம், மாற்றுவதற்கு ஒரு டயாபர். இவற்றில் எதுவும் விதியில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. கிடைத்தால் அது ஊழியரின் இரக்கம். கிடைக்காவிட்டால் கேட்பதற்கு வழியில்லை.

வேடிக்கை என்னவென்றால், கட்டணம் என்று வரும்போது குழந்தையின் வயது மிகத் துல்லியமாகக் கணக்கிடப்படுகிறது. இரண்டு வயது வரைதான் மடியில் அமர்த்திச் செல்ல அனுமதி. இரண்டு வயது நிறைந்துவிட்டால் தனி இருக்கை கட்டாயம். பெரும்பாலும் பெரியவர்களுக்கான கட்டணமேதான். அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த விமான நிலையப் பயனாளர் கட்டணமும் சேர்ந்துகொள்ளும். கட்டணத்தில் முழு ஆளாகக் கருதப்படும் குழந்தை, கவனிப்பில் மட்டும் கணக்கிலேயே வராமல் போவது எந்த வகை நியாயம்?

தாமதத்தைவிடக் கொடியது, அது தவணை முறையில் அறிவிக்கப்படுவது. 'இன்னும் அரை மணி நேரம்' என்பது ஆறு முறை சொல்லப்படும்போது, குழந்தையை உறங்க வைப்பதா, ஊட்டுவதா, வாயிலிலேயே நிற்பதா என்று எதையும் முடிவு செய்ய இயலாது. தாமதம் குறித்த சரியான தகவலை உடனுக்குடன் தர வேண்டும் என்றும், 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகக்கூடிய விமானங்களை முன்கூட்டியே ரத்து செய்யலாம் என்றும் 2024 ஜனவரியில் தலைமை இயக்குநரகம் வழிகாட்டியது. கோவாவிலிருந்து தில்லிக்கு வர வேண்டிய விமானம் மும்பைக்குத் திருப்பிவிடப்பட்டு, பயணிகள் விமான நிறுத்துமிடத்திலேயே அமர்ந்து உணவருந்திய காட்சி நாட்டையே தலைகுனிய வைத்ததும் அந்த நாள்களில்தான். அதற்காக இண்டிகோவுக்கு ரூ.1.20 கோடி அபராதம் விதிக்கப்பட்டது. விமானத்தில் ஏறிய பிறகு நீண்ட தாமதம் ஏற்பட்டால் பயணிகள் புறப்பாட்டு வாயில் வழியாகவே வெளியேற வகைசெய்யும் வழிகாட்டுதலும் அதே ஆண்டு மார்ச்சில் வந்தது. அமெரிக்காவிலோ, பயணிகளை ஏற்றிக்கொண்ட உள்நாட்டு விமானம் 3 மணி நேரத்துக்கு மேல் தரையில் நிற்கக் கூடாது என்றும், 2 மணி நேரத்துக்குள் உணவும் குடிநீரும் தர வேண்டும் என்றும் 2010 முதலே விதி இருக்கிறது.

நாடாளுமன்றம் மனம் வைத்தால் நிலைமை மாறும் என்பதற்குச் சான்று உண்டு. விமான நிலையங்களில் உணவுப் பொருள்களின் விலை குறித்து மாநிலங்களவையில் கேள்வி எழுந்தது. 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும், 2025 பிப்ரவரியில் சென்னையிலும் 10 ரூபாய்க்குத் தேநீர் தரும் 'உடான் யாத்ரி' உணவகங்கள் திறக்கப்பட்டன. தேநீரின் விலையைப் பற்றிக் கவலைப்பட்ட அவை, குழந்தையின் பாலைப் பற்றியும் கவலைப்படலாம். தாமதத்தால் எத்தனை பயணிகள் பாதிக்கப்பட்டனர் என்று தலைமை இயக்குநரகம் மாதந்தோறும் கணக்கு வெளியிடுகிறது. அவர்களில் குழந்தைகள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. கணக்கில் இல்லாதவர்களுக்குத் திட்டம் வகுப்பது எப்படி?

விதி மாறும்வரை பெற்றோர் தற்காப்புடன் இருப்பதே நல்லது. பனிக்காலத்தில் வட மாநிலங்களுக்குச் செல்வோர் அதிகாலை விமானத்தைத் தவிர்த்து நண்பகல் விமானத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பால்பொடி, மருந்து, டயாபர், மாற்றுடை ஆகியவற்றை ஒரு நாளைக்குப் போதுமான அளவில் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். சரக்கில் போட்ட பெட்டி தாமதத்தின்போது கைக்கு வராது. தள்ளுவண்டியை விமானத்தின் வாயில் வரை கொண்டுசெல்ல அனுமதி உண்டா என்பதை முன்பே கேட்டுக்கொள்வதும் உதவும்.

ஆனால், பெற்றோரின் முன்யோசனை அரசின் கடமைக்கு மாற்றாகிவிடாது. குழந்தைகளுடன் வருவோருக்குத் தாமதத்தின் முதல் மணி நேரத்திலேயே வெந்நீரும் பாலும் கிடைக்க வேண்டும்; காரணம் வானிலையே ஆனாலும் இதில் விலக்கு கூடாது. பெரிய விமான நிலையங்களில் உள்ள பாலூட்டும் அறைகளைப்போல, குழந்தைகள் படுத்துறங்கச் சிறிதளவு இடம் எல்லா முனையங்களிலும் ஒதுக்கப்பட வேண்டும். மாற்று விமானத்தில் இடம் ஒதுக்கும்போது இவர்களுக்கு முன்னுரிமை தரப்பட வேண்டும். இருக்கும் விதிமுறையில் ஒரு பத்தியைச் சேர்த்தால் போதும். இதற்குப் புதிய சட்டமோ பெருஞ்செலவோ தேவையில்லை. அடுத்த மூடுபனி தில்லியைச் சூழ்வதற்கு முன்பாகவே அதைச் செய்துமுடிக்க முடியும். செய்வார்களா?