ஒன்பது மாத நன்றி

'நன்றி வேறு, வியாபாரம் வேறு' என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே சந்தேகம். அப்படிப் பிரித்துப் பேசுகிறவன் பெரும்பாலும் கடனைத் திருப்பித் தர மனமில்லாதவனாகத்தான் இருப்பான். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துக் கால்பந்து கிளப், தன் மானேஜர் கிளாடியோ ரனியேரியை வேலையிலிருந்து நீக்கியபோதும் இந்தப் பேச்சுத்தான் எழுந்தது. ரசிகர்களில் பலர் கலங்கினார்கள். விவரம் தெரிந்தவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் கலங்கியவர்கள் கட்சி.

கால்பந்து மானேஜர் என்பவர் கணக்குப் புஸ்தகம் பார்க்கிறவர் அல்ல. ஆட்டக்காரர்களைப் பழக்கி, யாரை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்கிறவர். 2015ல் ரனியேரி வந்தபோது, லெஸ்டர் லீகில் முதலிடம் பெற்றால் ஒன்றுக்கு 5,000 தருவதாகப் பந்தயக் கம்பெனிகள் சொல்லின. 2016 மே மாதம் முதலிடம் பெற்றது. 1884ல் தொடங்கிய அந்தக் கிளப்புக்கு அதுவரை அந்தப் பட்டம் கிடைத்ததே இல்லை.

அடுத்த பருவத்தில் சறுக்கினார்கள். 2017 பிறந்து லீகில் ஆறு ஆட்டம் ஆடியும் ஒரு கோல் கூட இல்லை. கீழ் டிவிஷனுக்குத் தள்ளப்படும் இடத்துக்கு ஒரே ஒரு புள்ளி மேலே நின்றார்கள். பிப்ரவரி 23ந் தேதி ரனியேரியை அனுப்பிவிட்டார்கள். உலகத்தின் சிறந்த பயிற்சியாளர் என்று ஃபிஃபா அவருக்கு விருது கொடுத்து ஏழு வாரம் கூட ஆகவில்லை.

நான்கு நாள் கழித்து அதே ஆட்டக்காரர்கள் லிவர்பூலை 3-1 என்று தோற்கடித்தார்கள். 'பார்த்தீர்களா? நீக்கியது சரிதானே!' என்றார்கள் விவரம் தெரிந்தவர்கள். இது என்ன நியாயம், ஐயா? 27ந் தேதி அப்படி ஓட முடிந்த கால்கள் முந்தைய வாரங்களில் எங்கே போயிருந்தன? சதி என்று நான் சொல்லவில்லை. ஆட்டக்காரர்கள் அதை மறுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த வெற்றி யாரையாவது குற்றம் சாட்டுகிறதென்றால், வீட்டுக்குப் போனவரை அல்ல, மைதானத்தில் நின்றவர்களைத்தான். நடு மைதானத்தைத் தாங்கிய கான்டேயை முந்தைய கோடையிலேயே செல்சீ வாங்கிக்கொண்டு போய்விட்டது. அந்தக் குறையும் ஒரு கிழவர் தலையில்தான் விழுந்தது.

'கிளப் கீழே இறங்கினால் பெரும் பணம் நஷ்டமாகும், சின்னச் சிப்பந்திகளின் பிழைப்புப் போகும். உங்கள் உணர்ச்சிக்காக அதைப் பலியிடலாமா?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அந்தப் பருவத்தில் லெஸ்டர் பன்னிரண்டாவது இடத்துக்கு ஏறித் தப்பித்தது உண்மை. தப்பிக்க வைத்தவர் ஷேக்ஸ்பியர் என்னும் உதவி மானேஜர். அவரை ஜூன் மாதம் நிரந்தரமாக்கினார்கள், அக்டோபரில் நீக்கினார்கள். 2023ல் கிளப் மறுபடி தள்ளாடியபோது பிரெண்டன் ராஜர்ஸை அனுப்பிப் பார்த்தார்கள். அந்தத் தடவை மருந்து பலிக்கவில்லை, கீழே இறங்கியே விட்டது. ஒரு தடவை பலித்து, மறு தடவை பலிக்காத வைத்தியத்தைச் சாஸ்திரம் என்று நம்மை நம்பச் சொல்கிறார்கள்.

ரசிகர்கள் செய்ததைப் பாருங்கள். லிவர்பூல் ஆட்டத்தன்று ரனியேரியின் முகமூடியை அணிந்து வந்தார்கள். அவருக்கு வயது 65. அதனால் 65வது நிமிஷத்தில் கைபேசி விளக்குகளை உயர்த்திப் பிடித்தார்கள். அதே மூச்சில் தங்கள் அணி போட்ட கோல்களுக்கும் ஆரவாரம் செய்தார்கள். இதை இரட்டை வேஷம் என்று கேலி செய்தார்கள். எனக்கு அதுதான் முழு மனிதனின் காரியமாகப் படுகிறது. வேண்டியவன் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்படுவதும், ஜெயிக்கக் கற்றுக் கொடுத்தவனை நினைத்துக்கொள்வதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

நிர்வாகிக்கு லாபம் உண்டு, ஆட்டக்காரனுக்குச் சம்பளம் உண்டு. இரண்டும் இல்லாமல் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்து உள்ளே வந்தவன் ரசிகன். கிளப் பட்ட கடனுக்கு வட்டி கட்டியவனும் அவன் ஒருவன்தான்.