நூறாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால்

புலம்பெயர்ந்து கனடாவுக்கு வந்த எமது குடும்பங்கள் முதன்முதலாக வாங்கும் பெறுமதியான பொருள் பெரும்பாலும் ஒரு கார்தான். வீடு அதற்குப் பின்னரே வருகிறது. அந்தக் காரும் புதியதன்று. வேறொருவர் எண்பதினாயிரம், நூறாயிரம் கிலோமீற்றர் ஓடி முடித்து விற்ற கொறோலாவாகவோ, கம்றியாகவோ, சிவிக்காகவோ, அக்கோர்ட்டாகவோ இருக்கும். அதிகாலையில் தொழிற்சாலைக்கும், மாலையில் பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்கும், விடுமுறை நாட்களில் மொன்றியலில் நடக்கும் திருமணத்துக்கும் அதுவே எம்மைச் சுமந்து செல்கிறது. அது ஒரு நாள் நின்றுவிட்டால் அன்றைய சம்பளம் நின்றுவிடும். ஒரு வாரம் நின்றுவிட்டால் வேலையே கேள்விக்குறியாகும். ஊருக்கு அனுப்பவென எடுத்துவைத்த பணம் கராஜுக்குப் போய்ச் சேரும். ஆதலால் காரின் ஆயுளை நீட்டுவது எமக்குப் பொழுதுபோக்கன்று. குடும்பப் பொருளாதாரத்தின் ஒரு பகுதி.

'இருநூறாயிரம் ஓடிவிட்டது, இனி இதற்குச் செலவழிப்பது வீண்' என்று சொல்வோரை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். தூரம் காரைக் கொல்வதில்லை. தள்ளிப்போடப்பட்ட சிறு வேலைகளே கொல்கின்றன. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தவர் ஒருவர் 1990 ஆம் ஆண்டின் ஹொண்டா அக்கோர்ட் ஒன்றை 1996 இல் வாங்கினார். அப்போதே அது 74,000 மைல், அதாவது ஏறத்தாழ 119,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது. 2011 இல் அதே கார் பத்து இலட்சம் மைலைக் கடந்தது. சாதாரணக் குடும்பக் கார், அதுவும் பிறர் ஓட்டிய கார், இவ்வளவு தூரம் ஓட முடியுமாயின், எமது கார் மூன்று இலட்சம் கிலோமீற்றரை எட்டுவது அதிசயமன்று.

இதற்குத் துணையாவது காருடன் வரும் கைநூல். அது தொலைந்திருந்தால் உற்பத்தியாளரின் இணையத்தளத்தில் இலவசமாகப் பெறலாம். நாம் கீழே தரும் கணக்கு பொதுவானது; கைநூல் வேறு கணக்குச் சொன்னால் அதையே பின்பற்றுக.

முதலாவது மைல்கல் ஒவ்வொரு 8,000 கிலோமீற்றரும் ஆகும். அப்போது என்ஜின் ஒயிலையும் அதன் வடிகட்டியையும் மாற்றுதல் நன்று. இன்றைய செயற்கை ஒயில் 16,000 கிலோமீற்றர் வரை தாங்கும் எனப் பல கைநூல்கள் கூறுவது உண்மையே. ஆனால் அதே நூல்கள் கடும் நிலைமை என்று ஒரு பிரிவையும் வைத்திருக்கின்றன. கடும் குளிர், குறுகிய பயணம், நெரிசலில் நின்று நின்று ஓடுதல், இயந்திரத்தை இயங்கவிட்டு நிறுத்திவைத்தல் ஆகியனவே அந்நிலைமை. ஸ்காபரோவில் தை மாதத்தில் ஐந்து கிலோமீற்றர் ஓடி வேலைக்குப் போகும் கார் இதற்குள் அடங்கும். இயந்திரம் முழுதாகச் சூடேறுமுன் நிறுத்தப்படுவதால் ஈரமும் எரிபொருளும் ஒயிலில் கலந்து, அதன் வலுவைக் குறைக்கின்றன. குறைவாக ஓடும் காருக்கு மாதக் கணக்கே பொருந்தும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றலாம். அதே வேளையில் முன் ரயர்களையும் பின் ரயர்களையும் இடம்மாற்றினால் அவை ஒரே சீராகத் தேயும்.

பழைய இயந்திரங்கள் சற்று ஒயிலைக் குடிக்கும். எனவே மாதம் ஒரு தடவை, சமதரையில் நிறுத்தி, சில நிமிடம் கழித்து, அளவுகோலை இழுத்துப் பாருங்கள். செலவில்லாத இந்த ஒரு நிமிட வேலை பல இயந்திரங்களைக் காப்பாற்றும்.

இரண்டாவது மைல்கல் 50,000 கிலோமீற்றர். இயந்திரத்தின் காற்று வடிகட்டியும், உள்ளிருப்போர் சுவாசிக்கும் காற்றின் வடிகட்டியும் இதற்குள் மாற்றப்பட்டிருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் பல கார்களில் நாமே கையால் மாற்றிக்கொள்ளலாம். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆதலால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு தடவை மாற்றுவது நன்று. கியர்பெட்டி ஒயிலையும் 50,000 இலிருந்து 100,000 கிலோமீற்றருக்குள் மாற்றுவது நலம். அதற்கு உற்பத்தியாளர் குறிப்பிட்ட ஒயிலையே ஊற்ற வேண்டும். பிழையான ஒயில் ஊற்றப்பட்டால், குறிப்பாக இன்றைய சீவீரீ வகைக் கியர்பெட்டி பழுதாகிவிடக்கூடும்.

மூன்றாவது மைல்கல்லான 100,000 கிலோமீற்றரில்தான் பெரிய விபரீதம் ஒளிந்திருக்கிறது. சில இயந்திரங்களில் ரைமிங் பெல்ற் எனும் இறப்பர்ப் பட்டியும், சிலவற்றில் உலோகச் சங்கிலியும் உண்டு. சங்கிலி பொதுவாக இயந்திரத்தின் ஆயுள்வரை நிற்கும். பட்டியோ காலம் வந்ததும் முன்னறிவிப்பின்றி அறுந்துபோகும். பல இயந்திரங்களில் அவ்வாறு அறும்போது வால்வுகளும் பிஸ்ரன்களும் மோதி, இயந்திரமே நாசமாகும். 1998 முதல் வட அமெரிக்காவில் விற்கப்பட்ட கொறோலாவிலும், 2006 முதலான சிவிக்கிலும், 2003 முதலான நான்கு சிலிண்டர் அக்கோர்ட்டிலும் சங்கிலியே உள்ளது. ஆறு சிலிண்டர் அக்கோர்ட்டிலோ 2017 வரையும் பட்டியே இருந்தது. பட்டியுள்ள காரை வாங்குவோர், அது மாற்றப்பட்டதற்கான பற்றுச்சீட்டைக் கேளுங்கள். சீட்டு இல்லையெனில் மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள். மாற்றும்போது நீர்ப் பம்பியையும் சேர்த்து மாற்றினால், இரண்டாம் முறை கழற்றும் கூலி மிஞ்சும்.

நான்காவது மைல்கல் 160,000 கிலோமீற்றர். ரொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்றுக்கு முதல் தவணை 160,000 கிலோமீற்றர் அல்லது பத்து ஆண்டு. அதன்பின் 80,000 கிலோமீற்றர் அல்லது ஐந்து ஆண்டு. இரிடியம் ஸ்பார்க் பிளக்குகள் மாற்ற வேண்டிய காலமும் ஏறத்தாழ இதுவே. அதிர்வு தாங்கிகளையும், ஸ்ரியறிங் மூட்டுக்களையும் இப்போது பரிசோதிக்கச் செய்யுங்கள். இயந்திரம் சூடாக இருக்கும்போது றேடியேற்றர் மூடியை எக்காரணங் கொண்டும் திறக்கலாகாது.

இருநூறாயிரத்துக்குப் பின்னர் இந்நாட்டில் கார்களின் பெரும் பகை இயந்திரத்தில் இல்லை. வீதியில் தூவப்படும் உப்பில் இருக்கிறது. மாரிகாலத்தில் காரின் அடிப்பகுதியைக் கழுவுவதும், இலையுதிர் காலத்தில் துருத்தடுப்பு எண்ணெய் பூசுவிப்பதும் வீண் செலவல்ல. பிரேக் குழாய்களும் அடிச்சட்டமும் துருப்பிடித்து விட்டனவா என்று உயர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். அடிச்சட்டம் உக்கிவிட்ட காரில் இயந்திரம் எவ்வளவு நன்றாக ஓடினாலும், அதில் பிள்ளைகளை ஏற்றக்கூடாது. அதுவே காருக்கு விடைகொடுக்கும் நேரம்.

மற்றத் திருத்தங்களுக்குச் செலவைக் காரின் சந்தை விலையுடன் ஒப்பிடுவது சரியன்று. மூவாயிரம் டொலர் பெறுமதியான காருக்கு ஆயிரத்தைந்நூறு டொலர் செலவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு கார் வாங்கினால் மாதம் நானூறு டொலர் தவணை கட்ட வேண்டுமாயின், திருத்தச் செலவு நான்கு மாதத் தவணைக்கும் குறைவு. திருத்திய கார் அதற்குமேல் ஓராண்டு ஓடினாலே மிச்சம் எமதாகும்.

ஒன்ராறியோவில் தனியார் கார்களுக்கான புகைப் பரிசோதனை 2019 ஏப்ரலுடன் நிறுத்தப்பட்டது. பாதுகாப்புச் சான்றிதழோ பொதுவாகக் கார் கைமாறும்போது மட்டுமே கேட்கப்படுகிறது. ஆகவே ஆண்டுதோறும் எமது காரைப் பரிசோதிக்குமாறு எவரும் எம்மைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை. அப்பொறுப்பு முழுவதும் எம்முடையதே.

மொழித் தயக்கத்தால் கராஜில் தலையாட்டிவிட்டு வரும் எமது பெற்றோர் பலர். அவர்கள் அறிந்திருக்க வேண்டிய உரிமைகள் சில உண்டு. ஒன்ராறியோச் சட்டப்படி, நீங்கள் வேண்டாம் என்று சொன்னாலன்றி, திருத்துநர் வேலை தொடங்குமுன் செலவு மதிப்பீட்டை எழுத்தில் தர வேண்டும். இறுதித் தொகை அம்மதிப்பீட்டைப் பத்து வீதத்துக்கு மேல் தாண்டக்கூடாது. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்கலாம். புதிய பாகங்களுக்கும் அவற்றைப் பொருத்திய வேலைக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. எழுத்து மதிப்பீட்டைக் கேட்பது அவமரியாதையன்று. தேவையெனில் ஆங்கிலம் அறிந்த பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

நிறைவாக இரண்டு எளிய பழக்கங்களைப் பரிந்துரைக்கிறோம். ஒன்று, காரின் முன்பெட்டியில் ஒரு கொப்பியும் பேனையும் வைத்து, செய்த வேலை, திகதி, கிலோமீற்றர் ஆகிய மூன்றையும் எழுதிவருதல்; பற்றுச்சீட்டுகளையும் அதனுள்ளேயே செருகி வைக்கலாம். பின்னர் விற்கும்போது அக்கொப்பி உங்களுக்காகப் பேசும். மற்றையது, மாதந்தோறும் ஐம்பது டொலரைக் காருக்கென ஒதுக்கிவைத்தல். சீட்டுக் கட்டிப் பழகிய எமது சமூகத்துக்கு இது புதிய வித்தையன்று. அவ்வாறு செய்துவரும் வீட்டில் பட்டி மாற்ற வேண்டிய காலமும், பற்றரி மாற்ற வேண்டிய காலமும் இடியாக வந்து விழுவதில்லை.

இவ்வார இறுதியில் உங்கள் காரின் மானியைப் பார்த்து, அடுத்த மைல்கல்லுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதிவையுங்கள்.